வழுக்கக் கூடாத எண்ணெய்

"எஞ்சின் இரையுது, கார் இழுக்குதில்லை."

தீவுப்பகுதியில் ஓட்டோ கியர்க் கார் வைத்திருப்பவர்கள் கராஜ் வாசலில் சொல்லும் முதல் முறைப்பாடு பெரும்பாலும் இதுதான். அக்சிலேற்றரை மிதித்தால் இரைச்சல் கூடும், முள் மேலே ஏறும், வேகம் மட்டும் ஏறாது. சிலருக்கு இது பண்ணைத் தாம்போதியில் எதிர்க்காற்று அடிக்கும்போது தெரியவரும். சிலருக்கு வேலணையில் நிறுத்தி எடுக்கும்போது கார் ஒருமுறை உதறும், பிறகு ஒன்றும் நடக்காததுபோல் ஓடும், அடுத்த மாதம் மறுபடி உதறும். கராஜில் கிடைக்கும் பதிலும் ஏறக்குறைய ஒன்றேதான்: "அண்ணை, பெல்ட் போட்டுது. கியர்பொக்ஸையே மாத்தோணும்."

ஏன் போனது, எப்போது போகத் தொடங்கியது, மாற்றினால் புதியதும் இப்படியே போகாதா என்று கேட்டால் அங்கே பேச்சு நின்றுவிடும். லீசிங் கட்டி முடியாத காரின் சொந்தக்காரரை அந்த மௌனம்தான் அதிகம் வாட்டுகிறது. காரணம் தெரியாத செலவு இரட்டிப்புச் செலவு. ஆனால் காரணம் இருக்கிறது. அது பௌதிகமும் இரசாயனமும் சேர்ந்த காரணம். பள்ளிக்கூடத்தில் படித்த உராய்வை வைத்தே அதன் பெரும்பகுதியை விளங்கிக்கொள்ளலாம்.

யுத்தம் முடிந்து ஏ-9 வீதி முழுமையாகத் திறந்த பிறகுதான் யாழ்ப்பாணத்துக்கு யப்பான் ரீகண்டிஷன் கார்கள் பெருமளவில் வந்தன. 1,000 சிசிக்குக் குறைந்த எஞ்சினுக்கு வரிச்சலுகை இருந்த ஆண்டுகளில் 658 சிசி சுசுகி வகன் ஆர் நாடெங்கும் நிறைந்தது. ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, வேலணை வீடுகளின் போர்ட்டிக்கோக்களிலும் அது வந்து நின்றது. கனடாவிலிருந்தும் பாரிசிலிருந்தும் பிள்ளைகள் அனுப்பிய காசில் பல, லீசிங்கில் பல. கூடவே ஹொண்டா ஃபிட், வெசல், டொயோட்டா விட்ஸ், அக்வா. கிளச் மிதிக்கத் தேவையில்லாத கார் என்பது வயதான தாய் தகப்பனுக்கும் புதிதாக ஓட்டப் பழகிய பெண்களுக்கும் பெரிய விடுதலையாக இருந்தது. அந்த விடுதலை உண்மையானது. "பழையபடி மனுவல் கியருக்கே போங்கோ" என்று இப்போது அறிவுரை சொல்பவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள்.

அதற்கு முந்தைய தலைமுறைக் காரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் குடாநாட்டில் பெற்றோல் இல்லை. ஓஸ்ரின் ஏ-40, கேம்பிறிட்ஜ், மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அந்தக் கார்களின் கியர்பொக்ஸை முற்றத்து வேப்பமர நிழலில் இறக்கி, தேய்ந்த பல்லுச்சில்லுக்குப் பதில் லேத்தில் ஒன்றைக் கடைந்து போட்டுத் திரும்ப ஏற்றினார்கள். அது நடந்ததற்கு யாழ்ப்பாணத்து மெக்கானிக்கின் கெட்டித்தனம் ஒரு காரணம். அந்த இயந்திரம் திறந்தவுடன் தன் நோயைக் காட்டியது இன்னொரு காரணம். உடைந்த பல் கண்ணுக்குத் தெரியும். வழுக்கும் உருக்குப் பட்டியின் நோய் கண்ணுக்குத் தெரியாது.

பட்டி தள்ளும், இழுக்காது

வகன் ஆர், விட்ஸ், பழைய ஹைபிரிட் ஃபிட் ஆகியவற்றில் இருப்பது சிவிடி என்ற வகை. அதில் முதலாம் கியர், இரண்டாம் கியர் என்று படிகள் இல்லை. இரண்டு கப்பிகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒன்றையொன்று பார்த்த இரு கூம்புகளால் ஆனது. கூம்புகள் நெருங்கினால் அவற்றுக்கிடையே ஓடும் பட்டி விளிம்புப் பக்கம் ஏறும், விலகினால் மையப் பக்கம் இறங்கும். கியர்ச் சைக்கிளில் சங்கிலி சின்னப் பல்லுச்சில்லிலிருந்து பெரியதற்குத் தாவுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே தாவலே இல்லாமல், இடையிலுள்ள எண்ணற்ற அளவுகள் அத்தனையிலும் பட்டி வழுவழுவென நகர்கிறது.

இதை முதலில் பெருமளவில் காரில் விற்பனைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். ஹுப் வான் டோர்னின் டாஃப் நிறுவனம் 1958இல் டாஃப் 600 காரை வெளியிட்டது. அதில் இருந்தது இறப்பர்ப் பட்டி. இறப்பர் இழுத்து ஓட்டியது. எஞ்சின் பெரிதானால் தாங்கவில்லை. பின்னர் அதே வான் டோர்ன் பரம்பரையில் உருக்குப் பட்டி பிறந்தது. அதில் ஏறத்தாழ 400 மெல்லிய உருக்குத் துண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். அவற்றின் இருபுறமும் உருக்கு வளையக் கட்டுகள். ஒரு கட்டில் ஒன்பது முதல் பன்னிரண்டு வளையங்கள், ஒவ்வொன்றின் தடிப்பும் மில்லிமீற்றரில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்தப் பட்டி இழுப்பதில்லை. துண்டு துண்டைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, அப்படியே சக்தி ஒரு கப்பியிலிருந்து மற்றதற்குப் போகிறது. 1987இல் சுபாரு இதைச் சிறிய காரில் போட்டது. இன்று தீவுப்பகுதியில் ஓடும் வகன் ஆரில் இருப்பது யப்பானின் ஜட்கோ நிறுவனம் 2009இல் கொண்டுவந்த வடிவம்: பட்டியோடு இரண்டு படி கொண்ட துணைக் கியர் ஒன்றையும் சேர்த்து, பெட்டியைச் சிறிதாக்கி, வீச்சைப் பெரிதாக்கினார்கள். அழகான பொறியியல்தான்.

இப்போது கூர்ந்து பார்க்க வேண்டிய இடம் வருகிறது. உருக்குத் துண்டின் ஓரமும் கூம்பின் முகமும் தொடும் இடத்தில் பல் ஏதும் இல்லை. இரண்டும் மழமழப்பான உருக்கு, நடுவே எண்ணெய். காரை நகர்த்தும் சக்தி முழுவதும் அந்தத் தொடுகையின் உராய்வால் மட்டுமே கடத்தப்படுகிறது. எவ்வளவு அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று கணக்குப் போடலாம். வகன் ஆர் எஞ்சினின் அதிகபட்ச முறுக்கு விசை 63 நியூட்டன்-மீற்றர். புறப்படும்போது முதற் கப்பியில் பட்டி ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் ஆரையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூம்பின் சாய்வு 11 பாகை. எண்ணெய் பூசிய உருக்குக்கிடையே உராய்வுக் குணகம் 0.09. பட்டியின் இருபக்கமும் பிடிப்பதால் தேவையான விசை ஏறக்குறைய 11,400 நியூட்டன். அதாவது ஒரு டன்னுக்கும் மேற்பட்ட எடை. முழுக் காரின் எடையே சுமார் 800 கிலோதான். எஞ்சினுக்கும் கப்பிகளுக்கும் இடையே உள்ள டோர்க் கன்வேட்டர் புறப்படும் கணத்தில் முறுக்கு விசையைப் பெருக்கித் தருவதால் உண்மைத் தேவை இதைவிடக் கூட.

இதே கணக்கில் உராய்வுக் குணகத்தை 0.09இலிருந்து 0.06ஆகக் குறையுங்கள். தேவையான விசை 17,000 நியூட்டனைத் தாண்டிவிடும். கியர்பொக்ஸின் கணினிக்கு இந்த மாற்றம் நேரடியாகத் தெரியாது. நல்ல எண்ணெய் இருக்கிறது என்ற நம்பிக்கையில் அது பழைய அமுக்கத்தையே கொடுக்கும். பட்டி வழுக்கும். ஒருமுறை வழுக்கினாலும் கூம்பின் முகத்தில் கீறல் விழலாம். கீறிய இடத்தைப் பட்டி அடுத்த முறை கடக்கும்போது கார் உதறும். சொந்தக்காரர் உணரும் அந்த உதறல் அநேகமாக இதுதான்.

ஆகவே இந்தப் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்க்கு முரணான இரண்டு வேலைகள். தாங்கிகளையும் பம்பையும் வழுக்க வைக்க வேண்டும். பட்டியையும் கப்பியையும் வழுக்க விடக் கூடாது. கல்சியம், பொசுபரசு கலந்த சேர்மானங்கள் உருக்கின் மேல் மிக மெல்லிய படலமாகப் படிந்து உராய்வைத் தூக்கிப் பிடிக்கின்றன. சாதாரண ஓட்டோ கியர் எண்ணெயான ஏரிஎப் அந்த வேலைக்கு ஆனதல்ல. கடதாசி பதித்த கிளச் தட்டுகள் மெதுவாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காகவே அதன் சேர்மானங்கள் தெரியப்படுகின்றன. அதைச் சிவிடிக்குள் ஊற்றுவது, பட்டி வழுக்குவதற்கு வழிசெய்து கொடுப்பது. நிறம் ஒன்றுபோல் இருக்கலாம், பிசுக்கும் ஒன்றுபோல் இருக்கலாம். விரலால் தொட்டுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க எந்த மெக்கானிக்காலும் முடியாது.

இந்த இடத்தில்தான் என் கோபம். இந்தக் கார்கள் யப்பானின் உள்நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டவை. கைநூல் யப்பானிய மொழியில், பொனற்றுக்குக் கீழே ஒட்டியிருக்கும் எச்சரிக்கை யப்பானிய மொழியில், திரையில் மின்னும் செய்தியும் யப்பானிய மொழியில். எந்த எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று உற்பத்தியாளர் தெளிவாகத்தான் எழுதியிருக்கிறார். அதை வாசிக்க முடியாத இடத்துக்குக் கார் வந்திருக்கிறது. எத்தனை கிலோமீற்றர் ஓடியது, எண்ணெய் எப்போதாவது மாற்றப்பட்டதா என்ற வரலாறும் கப்பலில் ஏறவில்லை. மீற்றரைப் பின்னுக்குச் சுற்றிய கார்கள் வந்தது நாடறிந்த விடயம். "40 ஆயிரம்தான் ஓடியிருக்கு, கியர் ஒயில் இப்ப மாத்தத் தேவையில்லை" என்று நம்பியவரின் காருக்குள் ஒரு லட்சம் கிலோமீற்றர் ஓடிக் களைத்த எண்ணெய் இருந்திருக்கலாம். அவர் ஒரு தவறும் செய்யவில்லை. கையில் கிடைத்த தகவலே பொய்.

சூடு, உப்பு, மணல்

எண்ணெய் முதுமை அடைவது வெப்பத்தால். ஒவ்வொரு 10 பாகை செல்சியஸ் கூடும்போதும் ஒட்சியேற்றத்தின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது இரசாயனத்தில் பயன்படும் ஒரு சுருக்கக் கணக்கு. 90 பாகையில் நல்லபடி வாழும் எண்ணெய் 120 பாகையில் எட்டு மடங்கு வேகமாகக் கிழடாகும். தீவுப்பகுதியில் மலை இல்லை, கொழும்பு நெரிசலும் இல்லை. பிறகு எங்கிருந்து சூடு வருகிறது என்று கேட்கலாம். எதிர்க்காற்றிலிருந்து வருகிறது. தென்மேற்குக் காற்றடிக்கும் மாதங்களில், மரமோ மதிலோ மறைக்காத தாம்போதியில், உயரமான பெட்டி வடிவக் காரை ஐந்து பேரோடு ஓட்டுவது 658 சிசி எஞ்சினுக்குச் சிறு மலை ஏறுவதுதான். வண்டி மட்டமான றோட்டில் ஓடுகிறதே என்று ஓட்டுநர் நினைக்கிறார். பட்டிக்கு அது தெரியாது.

அடுத்தது மணல். மண்கும்பானிலும் நெடுந்தீவின் ஒழுங்கைகளிலும் சில்லு புதைந்து சுழலும். சுழலும்போது பட்டிக்குச் சுமை குறைவு. திடீரென்று சில்லு கல்லிலோ தாரிலோ பிடித்ததும் சுழற்சி ஒரு கணத்தில் நிற்கும். அந்த அதிர்ச்சி முழுவதும் பின்னோக்கிப் பட்டிக்கு வரும். கணினி அமுக்கத்தைக் கூட்டுவதற்குள் பட்டி வழுக்கிவிடும். மணலில் புதைந்தால் அக்சிலேற்றரை உறுக்காமல், முன்னே நாலு பேர் தள்ளி எடுப்பதுதான் இந்தக் கார்களுக்கு மலிவான வழி. நெடுந்தீவில் கார்கள் சொற்பம். அங்கே உழவு இயந்திரமும் லாண்ட்மாஸ்டரும் ஓட்டோவுமே ராசா. அவற்றின் கியர்கள் பல்லால் பிடிப்பவை, மணலுக்கு அஞ்சாதவை.

உப்பின் வேலை மெதுவானது. அலுமினியப் பெட்டியில் உருக்கு ஆணி; இடையே உப்பு ஈரம் புகுந்தால் அது ஒரு சிறிய மின்கலம். அதில் அரிபடுவது அலுமினியம். மின் இணைப்புகளின் செப்புக் கால்களில் பச்சை பூக்கும். கியர்பொக்ஸின் அமுக்கத்தைக் கட்டுப்படுத்தும் சொலினோயிட் வால்வுகளுக்கு மிகச் சிறிய மின்னோட்டம்தான் போகிறது. அந்தக் காலில் தடை கொஞ்சம் கூடினாலே சைகை பிழைக்கும், கணினி பயந்து எச்சரிக்கை விளக்கைப் போடும். பெட்டியே போய்விட்டது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன் அந்த இணைப்புகளைக் கழற்றித் துடைத்துப் பார்ப்பது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் கழற்றிப் போடப்பட்ட நல்ல பெட்டிகளும் இருக்கத்தான் செய்யும்.

தண்ணீரால் வரும் கேடு இரு வழியில் வரும். ஒன்று மழைவெள்ளம். 2024 நவம்பரில் ஃபெங்கல் புயலோடு வந்த மழையில் யாழ்ப்பாணத்தில் பல றோட்டுகள் மூழ்கின. கியர்பொக்ஸுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. சூட்டில் விரியும் காற்று வெளியேற வேண்டுமே. 80 பாகையில் ஓடி வந்த பெட்டி 30 பாகைத் தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளேயுள்ள காற்று ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு சுருங்கும். சுருங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் நீருக்குள் இருந்தால் உள்ளே போவது தண்ணீர்தான்.

மற்ற வழி தீவுப்பகுதிக்கே உரியது, கவனிக்கப்படாததும்கூட. பல சிறிய கார்களில் கியர் எண்ணெயைச் சூடாக்கவும் ஆற்றவும் றேடியேற்றர் தண்ணீரையே பயன்படுத்துகிறார்கள். மெல்லிய உலோகத் தகட்டின் ஒருபுறம் கூலன்ற், மறுபுறம் எண்ணெய். குடிக்கும் தண்ணீருக்கே பௌசரை எதிர்பார்க்கும் ஊர்களில், றேடியேற்றர் குறைந்தால் கைக்கெட்டும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவது வழக்கம். அது உவர்நீர். குளோரைட்டு அந்தத் தகட்டைப் புள்ளி புள்ளியாக அரிக்கும். ஒருநாள் ஊசித்துவாரம் விழும், கூலன்ற் எண்ணெயோடு கலக்கும். எண்ணெய் இளஞ்சிவப்பும் பாலும் கலந்த நிறத்துக்கு மாறும். முன்னோக்கிப் போகவும் பின்னோக்கிப் போகவும் உள்ள கிளச் தட்டுகளின் கடதாசிப் பதிப்பு நீரைக் குடித்து ஊதி, பசை விட்டு உரிந்துவிடும். ஒரு போத்தல் கூலன்ற் வாங்காததால் ஒரு கியர்பொக்ஸ் போகிறது. கடைக்காரர் இதை வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும், வாடிக்கையாளர் கேட்க வேண்டும்.

நல்ல மெக்கானிக் ஒருவர் பெட்டியின் அடித்தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். தட்டின் உட்புறத்தில் காந்தங்கள் ஒட்டியிருக்கும். அவற்றின்மேல் சாம்பல் நிறத்தில் மென்மையான சேறு படிந்திருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. உருக்குத் தேயும்போது வரும் இயல்பான பொடி அது. விரலில் எடுத்துத் தேய்த்தால் நெருடக் கூடாது. நெருடினால், வெயிலில் பிடிக்கும்போது மினுங்கும் செதில்கள் தெரிந்தால், கப்பியோ பட்டியோ கடிபடத் தொடங்கிவிட்டது. எண்ணெயை வெள்ளைக் கடதாசியில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள், மணந்தும் பாருங்கள். கறுத்து, தீய்ந்த வாடை அடித்தால் கிளச் பதிப்பு எரிந்திருக்கிறது. இந்த மூன்று சோதனைக்கும் ஸ்கானர் வேண்டாம். கார் வாங்குவதற்கு முன்னரே இதைச் செய்ய விற்பவரை ஒத்துக்கொள்ளச் செய்ய முடிந்தால் பல குடும்பங்களின் சேமிப்புத் தப்பும். அடித்தட்டைக் கழற்றினால் எண்ணெய் முழுவதும் வராது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். கணிசமான பங்கு டோர்க் கன்வேட்டரிலும் குழாய்களிலும் தங்கிவிடும். அதனால் பழைய காருக்கு ஒருமுறை மாற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடி, மறுபடி மாற்றுவது நல்லது.

குறிகட்டுவானிலிருந்து கயிறு

கார் நின்றுவிட்ட பிறகு நடப்பதுதான் பல வேளை கடைசி அடி. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலுக்குப் போனவர் காரைக் குறிகட்டுவான் இறங்குதுறையில் விட்டுப் படகேறியிருப்பார். திரும்பி வந்து டீயில் போட்டால் கார் நகராது. யாழ்ப்பாண நகரம் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். காரைத் தூக்கிச் செல்லும் கரியரை நகரத்திலிருந்து அழைக்கக் காசும் நேரமும் வேண்டும். பக்கத்தில் ஒரு உழவு இயந்திரம் நிற்கும், உதவ மனமுள்ளவர்கள் இருப்பார்கள். கயிறு கட்டி இழுத்துவிடுவார்கள்.

மனுவல் கியர்க் காரை நியூற்றலில் இப்படி இழுக்கலாம். சிவிடி காரை முன் சில்லுகள் நிலத்தில் உருள இழுக்கக் கூடாது. காரணம் எளிது. கியர்பொக்ஸின் எண்ணெய்ப் பம்பை எஞ்சின்தான் சுழற்றுகிறது. எஞ்சின் நின்றால் பம்ப் நிற்கும், அமுக்கமும் இல்லை, எண்ணெய் ஓட்டமும் இல்லை. ஆனால் சில்லுகள் உருளும்போது அவற்றோடு தொடுத்த கியர்களும் தண்டுகளும் கப்பியும் சுழல்கின்றன. உலர்ந்த நிலையில், பிடியில்லாத பட்டியோடு, புங்குடுதீவிலிருந்து வேலணை தாண்டிப் பண்ணை வரை. ஒரு சொலினோயிட் மாற்றிச் சரிசெய்திருக்கக் கூடிய பெட்டி நகரத்துக்கு வந்துசேரும்போது பழைய இரும்பு விலைக்கு ஆகிவிடும். முன் சில்லுகள் இரண்டையும் நிலத்திலிருந்து தூக்கியாக வேண்டும். உழவு இயந்திரத்தின் பெட்டியிலோ சிறிய லொறியிலோ ஏற்றினாலும் சரி. காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்கு மிதவைப் பாதையில் கடப்பவர்களும் இதை நினைவில் வைக்க வேண்டும். பாதையிலிருந்து இறங்கும்போது நின்றுபோன காரைச் சில மீற்றர் கையால் தள்ளுவதால் கேடில்லை. கயிற்றில் கட்டி மைல் கணக்கில் இழுப்பதுதான் கேடு.

2013இல் வந்த தலைமுறையின் ஹைபிரிட் வெசலும் ஹைபிரிட் ஃபிட்டும் வேறு சாதி. அவற்றில் பட்டி இல்லை. ஏழு படி கொண்ட கியர், இரண்டு உலர் கிளச், ஒரு மின்மோட்டார், எல்லாவற்றையும் கணினி ஆட்டுவிக்கிறது. உலர் கிளச் எண்ணெயில் குளிப்பதில்லை. சூட்டைக் காற்றுக்கு மட்டுமே கொடுக்க முடியும். திருவிழாக் காலத்தில் குறிகட்டுவான் வீதியில் முன்னே பஸ், பின்னே வான், இடையே அரை அரை மீற்றராக ஊர்ந்தால் கிளச் பாதி பிடித்தும் பிடிக்காமலும் உராய்ந்துகொண்டே இருக்கும். சூடு ஏறும், திரையில் எச்சரிக்கை வரும். முன்னால் இரண்டு கார் நீளம் இடம் விழும்வரை பிரேக்கை முழுதாக மிதித்து நின்று, பிறகு ஒரே மூச்சில் நகர்வது இந்தக் கார்களின் ஆயுளைக் கூட்டும்.

ஆனால் எல்லாப் பழியையும் ஓட்டுநர் மேல் போட முடியாது. இந்த வடிவம் பிறந்த ஊரிலேயே பிரச்சினைப்பட்டது. 2013 அக்டோபரிலிருந்து ஓராண்டுக்குள் ஹொண்டா புதிய ஃபிட் ஹைபிரிட்டை ஐந்து முறை திருப்பி அழைத்தது. தொடக்கத்தில் வந்த அழைப்புகள் கியர்பொக்ஸையும் அதன் மென்பொருளையும் பற்றியவை. அப்போதைய தலைவர் தக்கனோபு இத்தோ மூன்று மாதங்களுக்குத் தன் சம்பளத்தில் 20 வீதத்தைக் குறைத்துக்கொண்டார். யப்பானில் இருந்த சொந்தக்காரருக்கு வீட்டுக்குக் கடிதம் போனது. அதே கார் பின்னர் ஏலத்தில் விற்கப்பட்டு அம்பாந்தோட்டையில் இறங்கி அல்லைப்பிட்டிக்கு வந்தபோது, அந்தக் கடிதம் பின்தொடரவில்லை. திருத்தம் செய்யப்பட்ட காரா, செய்யப்படாததா என்பது வாங்கியவருக்குத் தெரியாது. ஆனால் அறிய வழி இருக்கிறது: திருப்பி அழைப்புகள் செசி இலக்கத்தை வைத்தே பதியப்படுகின்றன, உற்பத்தியாளரின் யப்பானிய இணையத் தளத்தில் அந்த இலக்கத்தைக் கொடுத்துப் பார்க்கலாம். மொழிபெயர்ப்புச் செயலி ஒன்று போதும்.

அவுஸ்திரேலியாவில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். ஃபோர்டின் ஃபியெஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களில் இருந்த பவர்ஷிஃப்ட் என்ற இரட்டைக் கிளச் கியர் உதறியது, இரைந்தது, இழுக்க மறுத்தது. முறைப்பட்டவர்களில் பலரிடம், நீங்கள் ஓட்டும் விதத்தில்தான் பிழை என்று சொல்லப்பட்டது. நுகர்வோர் ஆணைக்குழு வழக்குப் போட்டது. 2018 ஏப்ரலில் நீதிமன்றம் ஃபோர்ட் அவுஸ்திரேலியாவுக்கு ஒரு கோடி டொலர் தண்டம் விதித்தது. அங்கே தண்டிக்கப்பட்டது கியரின் குறை மட்டுமல்ல, வாடிக்கையாளரை நடத்திய விதம். நம் ஊரில் ரீகண்டிஷன் காரை விற்றவர் ஒருவர், இறக்கியவர் ஒருவர், செய்தவர் கடல் கடந்து. இலங்கையில் 2003ஆம் ஆண்டின் நுகர்வோர் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. முறைப்பாடு எழுத, எழுதிய ரசீதும் உத்தரவாதமும் கையில் வேண்டும். வாய்ச்சொல்லில் வாங்கிய காருக்கு அவை இருப்பதில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையே 2022இல் ரூபாய் சரிந்தது. டொலர் 200 ரூபாய்ச் சொச்சத்திலிருந்து சில வாரங்களில் 350ஐத் தாண்டியது. ஐந்தாண்டில் மாற்றப்பட வேண்டிய கார் பத்தாண்டு ஓடியது. கியர்பொக்ஸ் போனவர்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் யப்பானிலிருந்து வந்த பழைய பெட்டியைத் தேடினார்கள். அந்தப் பெட்டிக்கும் வரலாறு இல்லை. அதன் முன்னைய எண்ணெய் யாருக்கும் தெரியாது.

அதிலும் ஒரு நுணுக்கம் பலருக்குச் சொல்லப்படுவதில்லை. ஜட்கோ வகைப் பெட்டிகளில் ஒவ்வொன்றின் வால்வுத் தொகுதியும் தொழிற்சாலையில் தனித்தனியே அளக்கப்படும். இந்த மின்னோட்டத்துக்கு இந்த அமுக்கம் என்ற அந்த அளவீடு காரின் கணினியில் எழுதப்பட்டிருக்கும். இரண்டு பெட்டிகள் தோற்றத்தில் ஒன்றாக இருந்தாலும் அளவீடு ஒன்றாக இராது. பெட்டியை மட்டும் மாற்றி, கணினியில் பழைய பெட்டியின் எண்களையே விட்டுவிட்டால், கணினி கேட்கும் அமுக்கம் ஒன்று, கிடைக்கும் அமுக்கம் இன்னொன்று. நல்ல பெட்டிகூட முதல் நாளிலிருந்தே உதறலாம். காலப்போக்கில் அதன் பட்டியும் வழுக்கலாம். "புதுசு போட்டும் அதே வருத்தம்" என்று ஆட்கள் சலிக்கும் இடங்களில் இதையும் சந்தேகிக்க வேண்டும். பெட்டி மாற்றக் கேட்கும்போதே, அளவீட்டை எழுதித் தருவீர்களா, என்ன எண்ணெய் ஊற்றுவீர்கள் என்ற இரு கேள்விகளையும் கேளுங்கள். பதிலை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். இதைக் கேட்டுக் கோபிக்காத மெக்கானிக் யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். அவரைக் கண்டுபிடித்தால் விடாதீர்கள்.

இவ்வளவும் படித்தவர், அக்வா வைத்திருந்தால், தன் காரும் இப்படித்தானோ என்று பயப்படலாம். பயப்பட வேண்டாம். டொயோட்டா அக்வாவையும் சிவிடி என்றுதான் அழைக்கிறார்கள், ஆனால் அதில் பட்டியும் இல்லை, டோர்க் கன்வேட்டரும் இல்லை. இருப்பவை கோள் கியர்த் தொகுதியும் இரண்டு மின்மோட்டார்களும். எல்லாம் பல்லோடு பல் பொருந்தியே சுழல்கின்றன, வழுக்குவதற்கு ஏதும் இல்லை. வேக மாற்றம் முழுவதையும் மோட்டார்களின் சுழற்சியே செய்துவிடுகிறது. அதற்கு வரும் நோய் வேறு இடத்தில்: பின் இருக்கைக்குக் கீழே உள்ள பற்றரியிலும், அதற்குக் காற்றூட்டும் விசிறியிலும். தீவுப்பகுதியின் தூசியும் உப்புக் காற்றும் அங்கே என்ன செய்கின்றன என்பதை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.